விடுதலை என்று பெயர் வைத்தார்கள்

2009 நவம்பர் 21 இரவு, கனடாவின் சி.டி.வி. தொலைக்காட்சி 'டபிள்யூ5' என்ற தன் நிகழ்ச்சியில் இத்தாலிய மருத்துவர் ஒருவரை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது. பெயர் பாவ்லோ சம்போனி. ஃபெராரா பல்கலைக்கழகத்தில் இரத்தக்குழாய் அறுவை மருத்துவர். அவருடைய மனைவிக்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ். நம் மருத்துவமனைகளில் சுருக்கமாக எம்.எஸ். என்பார்களே, அந்த நோய். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையை உடலின் காப்பணுக்களே அரிக்கின்றன. கண் மங்கும், கால் தள்ளாடும், கை மரத்துப்போகும், களைப்பு ஆளைச் சாய்க்கும். கழுத்திலும் மார்பிலும் உள்ள சிரைகள் குறுகி, மூளையிலிருந்து இறங்க வேண்டிய இரத்தம் தேங்குவதுதான் இதற்கெல்லாம் மூலம் என்றார் சம்போனி. குறுகிய சிரைக்குள் பலூனைச் செலுத்தி விரித்துவிட்டால் போதும் என்பது அவர் வழி. அந்த வழியின் பெயர் நிகழ்ச்சியின் தலைப்பிலேயே இருந்தது: 'லிபரேஷன் ட்ரீட்மென்ட்'. விடுதலைச் சிகிச்சை.

மருத்துவத்தில் சிகிச்சைக்குப் பெயர் வைப்பவர்கள் பெரும்பாலும் செய்கிற வேலையின் பெயரைத்தான் வைப்பார்கள். பைபாஸ் என்றால் சுற்றுவழி. டயாலிசிஸ் என்றால் பிரித்தெடுத்தல். நோயாளி பிழைப்பாரா, குணமாவாரா என்பதைப் பற்றி அந்தப் பெயர்கள் வாய் திறப்பதில்லை. இங்கே வேலையின் பெயரை விட்டுவிட்டு விளைவின் பெயரை வைத்தார்கள். அந்த விளைவை அதுவரை யாரும் முறையாகச் சோதித்திருக்கவில்லை. இந்தப் பெயரும், இதற்குச் சற்று முன் சம்போனி நோய்க்கூறுக்கு வைத்த இன்னொரு நீண்ட பெயரும் சேர்ந்து பல்லாயிரம் நோயாளிகளை எங்கெங்கோ இட்டுச் சென்றன. சொல்லை ஆராய்பவர்கள் இந்தக் கதையை மருத்துவர்களிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். இதில் சொற்கள் வெறும் அடையாளச் சீட்டுகளாக இருக்கவில்லை.

நோயின் பெயரிலிருந்து தொடங்குவோம். பெயரே இல்லாத காலத்தில் இந்த நோயோடு வாழ்ந்தவர் ஒருவர் நமக்கு நாட்குறிப்பு விட்டுச் சென்றிருக்கிறார். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் அகஸ்டஸ் டி'எஸ்ட். 1822 டிசம்பரில் தந்தைபோல் நேசித்த உறவினர் ஒருவரைப் பார்க்க ஸ்காட்லாந்து மலைநாட்டுக்குப் போனார். போய்ச் சேரும்போது அவர் உயிரோடில்லை. அடக்கத்தின்போது, கூடியிருந்தவர்கள் முன் அழக் கூடாது என்று போராடியும் கண்ணீரை அடக்க முடியவில்லை. அதன் பிறகு கடிதங்களைப் பிறர் படித்துச் சொல்ல வேண்டிய அளவுக்குப் பார்வை மங்கியது. சிகிச்சை ஏதும் இல்லாமலே திரும்பவும் தெளிந்தது. ஐந்தாண்டு கழித்து ஃபுளோரன்ஸ் நகரில் ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தது. கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. ஒரு மருத்துவர் நாளுக்கு இரு வேளை மாட்டிறைச்சி தின்னச் சொன்னார். ஒயினும் குடிக்கச் சொன்னார்கள். கால்களில் மருந்தெண்ணெய் தேய்த்தார்கள். 1848இல் இறக்கும் வரை 26 ஆண்டுகள் தன்னை அரித்தது எதுவென்று அவருக்குத் தெரியாது. நூறாண்டு கழித்து அந்த நாட்குறிப்பு நூலாக வந்தபோதுதான் மருத்துவ உலகம் அதைப் படித்து, அது எம்.எஸ். என்று பெயர் சொன்னது.

டி'எஸ்ட் உயிரோடிருந்த காலத்திலேயே ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் கார்ஸ்வெல்லும் பாரிசில் ழான் க்ருவேயேவும் பிணக்கூறாய்வில் தண்டுவடத்தில் படர்ந்திருந்த திட்டுகளைக் கண்டு வண்ணப் படமாகத் தீட்டி வைத்தார்கள். கார்ஸ்வெல்லின் படத்தொகுதி 1838இல் வந்தது. இருவரும் கண்டதை வரைந்தார்களே தவிர, அதை ஒரு தனி நோயாகப் பிரித்துப் பெயரிடவில்லை. பெயர் வந்தது 1860களில், பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையிலிருந்து. அங்கே வுல்பியானும் ழான்-மார்த்தான் ஷார்கோவும் வேலை பார்த்தார்கள். 1868இல் ஷார்கோ தன் விரிவுரைகளில் நோயின் அறிகுறிகளையும் பிணத்தில் கண்ட திட்டுகளையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டி, அதை 'ஸ்க்ளெரோஸ் ஆன் ப்ளாக்' என்றார். 'ஸ்க்ளெரோஸ்' கிரேக்கத்தில் கடினமானது. 'ப்ளாக்' பிரெஞ்சில் தகடு, பாளம், திட்டு. விரலால் தொட்டால் மற்ற இடம் மெத்தென்றும் அந்த இடம் மட்டும் கெட்டியாகவும் இருக்கும். பெயர் சொல்வது அவ்வளவுதான்: திட்டுத் திட்டாகக் கெட்டிப்பட்டிருக்கிறது.

இந்தப் பெயர் எல்லை தாண்டியபோது ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு சட்டை போட்டுக்கொண்டது. ஜெர்மானியர் 'மல்டிபிளே ஸ்க்ளெரோசே' என்றார்கள். பல இடத்தில் என்பது அவர்களுக்கு முக்கியமாகப் பட்டது. இங்கிலாந்தில் 'டிஸெமினேட்டட்', அதாவது சிதறிப் பரவிய, என்ற அடைமொழி நிலைத்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையின் மாக்ஸன் 1870களில் 'இன்சுலர் ஸ்கிளீரோசிஸ்' என்று எழுதினார். இன்சுலா இலத்தீனில் தீவு. அழகான சொல். அது நிலைக்காமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. 1955இல் மக்ஆல்பைனும் கூட்டாளிகளும் எழுதிய பெருநூலின் தலைப்பு 'மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ்' என்று வந்த பிறகு, பிரிட்டனிலும் அந்தப் பெயரே மெல்ல மெல்லப் பழையதை ஒதுக்கியது.

இந்தப் பெயர்கள் அத்தனையிலும் ஒரு பொதுக்குணம் இருக்கிறது. பல இடம், சிதறல், தீவு, திட்டு, கெட்டி: எல்லாமே கண்ணும் விரலும் கண்டவை. ஏன் வருகிறது என்று ஒரு பெயரும் சொல்லவில்லை. ஷார்கோவுக்குக் காரணத்தைப் பற்றி ஊகங்கள் இருந்தன. அவற்றைப் பெயருக்குள் நுழைய விடவில்லை. அதனால்தான் ஒன்றரை நூற்றாண்டில் காரணம் பற்றிய கொள்கைகள் எத்தனையோ வந்து போன பிறகும் அந்தப் பெயர் அசையாமல் நிற்கிறது.

தமிழில் இதைத் 'தண்டுவட மரப்பு நோய்' என்று எழுதுகிறார்கள். மரப்பு என்பது நல்ல தேர்வு. கை மரத்துப்போச்சு என்று நோயாளி சொல்லும் சொல்லே அதில் இருக்கிறது. கெட்டிப்படுதல் என்ற பழைய பொருளின் சாயலும் இருக்கிறது. ஆனால் மூளை விடுபட்டுப்போனது. 'பல' என்ற எண்ணமும் விடுபட்டுப்போனது. நோய் தண்டுவடத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதை நோயாளியின் வீட்டார் பிறகு தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்த பெயருக்குப் போகுமுன் நம் சொல் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குளுக்கோஸ் ஏற்ற வரும் நர்ஸ் முன்கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பே கிடைக்க மாட்டேங்குதும்மா, கொஞ்சம் கைய மூடித் தொறங்க" என்பார். அவர் தேடுவது சிரையை. பாட்டியின் கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்துச் சுருண்டு கிடந்தால் 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்கிறோம். அதுவும் சிரை. கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான் என்று கதைகளில் வருகிறதே, அங்கே புடைப்பதும் சிரைதான். சம்போனி ஆராய்ந்தது அதற்கு உள்ளே ஆழத்தில் ஓடுவது. தமிழில் நரம்பு என்ற சொல் முறுக்கேறிய எதையும் குறித்தது. யாழின் தந்தியும் நரம்பு, உடலின் நாணும் நரம்பு, இரத்தம் ஓடும் குழாயும் நரம்பு. இது நம் குறைபாடு அல்ல. கிரேக்க 'நியூரான்', இலத்தீன் 'நெர்வுஸ்' இரண்டுக்கும் முதற்பொருள் தசைநாண், வில்லின் நாண்தான். உணர்வைக் கடத்துவது ஒன்று, இரத்தத்தைக் கடத்துவது வேறு என்று உடலை அறுத்துப் பார்த்தவர்கள் பிரித்த பிறகே சொற்களும் பிரிந்தன. சமஸ்கிருதத்தின் சிரா, தமனி இரண்டையும் நாம் எடுத்து, இதயத்துக்கு இரத்தம் கொண்டு வருவதைச் சிரை என்றும் இதயத்திலிருந்து கொண்டு செல்வதைத் தமனி என்றும் பாடநூலில் நிலைப்படுத்திக்கொண்டோம். பேச்சில் பழைய நரம்பே நடக்கிறது. எம்.எஸ். பற்றிய இந்தப் பெரிய வழக்கே, அது நரம்பின் நோயா சிரையின் நோயா என்பதுதான். ஆகவே தமிழில் இதை விளக்க உட்காருகிறவர் முதல் வாக்கியத்திலேயே கவனமாக இருக்க வேண்டும்.

சிரையைப் பற்றிய சந்தேகம் சம்போனியோடு தொடங்கியதும் அல்ல. 1863இல் ஜெர்மானிய நோய்க்கூறியலாளர் ரிண்ட்ஃப்ளைஷ் திட்டுகளை உருப்பெருக்கியில் பார்த்தபோது, அவற்றின் நடுவில் சிறு இரத்தக்குழாய் ஒன்று ஓடுவதைக் கண்டார். பார்வை அசாத்தியமானது. இன்றைய கருவிகளும் அதைத்தான் காட்டுகின்றன. 1930களில் அமெரிக்காவின் டிரேசி புட்னம், சிறு சிரைகளில் இரத்தம் உறைந்து அடைப்பதுதான் காரணம் என்று நினைத்து, பின்னால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை. ஆஸ்திரியாவின் ஷெல்லிங் பல ஆண்டுகள் இதே திசையில் தனியாக எழுதிக்கொண்டிருந்தார். இந்த நீண்ட வரிசையின் கடைசியில்தான் ஃபெராராக்காரர் வருகிறார்.

சம்போனி கால் சிரைகளின் வல்லுநர். நெடுநேரம் நின்று வேலை செய்பவர்களின் கால் சிரைகளில் உள்ள தடுக்கிதழ்கள் தளர்ந்துபோனால், மேலே ஏற வேண்டிய இரத்தம் கீழே வழிந்து தேங்கும். சிவப்பணுக்கள் சிதைந்து, அவற்றின் இரும்பு தோலில் படியும். கணுக்கால் பழுப்பேறும், கடைசியில் ஆறாத புண் வரும். இதற்கு மருத்துவத்தில் நெடுநாளாக 'க்ரானிக் வீனஸ் இன்ஸஃபிஷியன்ஸி' என்று பெயர். தமிழில் நாட்பட்ட சிரைப் பற்றாக்குறை எனலாம். தடுக்கிதழ் தன் வேலைக்குப் பற்றவில்லை என்ற பொருளில் அங்கே அந்தச் சொல் முழுத் தகுதியோடு உட்கார்ந்திருக்கிறது. எம்.எஸ். நோயாளிகளின் மூளையிலும் இரும்பு படிந்திருப்பதாக ஆய்வுகள் வந்திருந்தன. காலில் நடப்பதுதான் தலையிலும் நடக்கிறதோ என்று 2006இல் சம்போனி ஒரு கட்டுரையில் கேட்டார். நல்ல கேள்வி. மனைவியின் நோய் அவரை அந்தக் கேள்விக்குத் தள்ளியிருந்தால் அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை.

கேள்வியிலிருந்து பெயருக்குப் போனபோதுதான் சிக்கல் வந்தது. காலின் நோய்ப்பெயருக்கு நடுவில் 'ஸெரிப்ரோஸ்பைனல்' என்ற ஒட்டைச் செருகினார்: 'க்ரானிக் ஸெரிப்ரோஸ்பைனல் வீனஸ் இன்ஸஃபிஷியன்ஸி'. சுருக்கம் சி.சி.எஸ்.வி.ஐ. தமிழில், நாட்பட்ட மூளை-தண்டுவடச் சிரைப் பற்றாக்குறை. ஷார்கோவின் பெயரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நாட்பட்ட என்றால் நெடுநாளாக இருக்கிறது என்று ஆகிவிட்டது. பற்றாக்குறை என்றால் வடிகால் போதவில்லை, மூளைக்கு இழப்பு என்று ஆகிவிட்டது. ஒப்புமை ஒன்று, கேள்விக்குறியைக் கழற்றிவிட்டு, நிலைநாட்டிய நோய்ப்பெயராக வந்து நின்றது. அதன் பிறகு ஒரு நோயாளியிடம் "உங்களுக்கு சி.சி.எஸ்.வி.ஐ. இருக்கிறது" என்று சொல்ல முடிந்தது. இருக்கிறதா என்ற கேள்விக்கு முன்பே, இருக்கிறது என்ற சொல் தயாராகிவிட்டது.

அந்தப் பெயரின்கீழ் வரும் சிரைகளின் பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவை மிகவும் பிடித்தவை. கழுத்தின் இரு புறமும் ஓடுவது 'ஜுகுலர்'. இலத்தீனில் 'ஜுகுலும்' என்றால் கழுத்தெலும்பு, தொண்டைக்குழி. அது 'ஜுகும்' என்ற சொல்லின் குட்டி. ஜுகும் என்றால் நுகம். மார்பின் வலப்புறத்தில் முதுகெலும்பை ஒட்டி ஏறுவது 'அஸிகோஸ்'. கிரேக்கத்தில் 'ஸிகோன்' நுகம்; 'அ' என்ற முன்னொட்டு இன்மை. நுகத்தில் இணை இல்லாதது, ஒற்றையானது என்று பொருள். மற்ற சிரைகள் இடமும் வலமும் சோடியாக ஓட, இது மட்டும் தனித்து ஓடுவதால் பழைய கிரேக்க மருத்துவர்கள் அப்படி அழைத்தார்கள். நாம் அன்றாடம் சொல்லும் யோகமும் அதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்ததுதான். இங்கேயும் பெயர்கள் கண்டதை மட்டும் சொல்கின்றன: ஒன்று நுகம் தாங்கும் இடத்தில் இருக்கிறது, மற்றதற்குச் சோடி இல்லை.

2009 ஏப்ரலில் சம்போனியின் கட்டுரை அச்சில் வந்தது. எம்.எஸ். நோயாளிகள் 65 பேர்; ஒப்பிடுவதற்கு மற்றவர்கள் 235 பேர். அல்ட்ராசவுண்டில் ஐந்து அடையாளங்கள் பார்த்தார்கள். அவற்றில் இரண்டு இருந்தால் சி.சி.எஸ்.வி.ஐ. நோயாளிகள் 65 பேருக்கும் அது இருந்தது. மற்ற 235 பேரில் ஒருவருக்கும் இல்லை என்று எழுதினார்கள். மருத்துவத்தில் நூற்றுக்கு நூறு என்பது மகிழ்ச்சி தருவதற்கு முன் சந்தேகம் தர வேண்டும். சர்க்கரை நோய்க்கும் காசநோய்க்கும்கூட அப்படித் தவறே செய்யாத சோதனை கிடையாது.

சிரையை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது என்ன மாதிரி வேலை என்று தெரிந்தால் அந்தச் சந்தேகம் விளங்கும். தமனிக்குத் தடித்த சுவர். அழுத்தத்தில் நிமிர்ந்து நிற்கும். கழுத்துச் சிரையின் சுவர் மெல்லியது. படுத்திருந்தால் விரிந்திருக்கும், எழுந்து உட்கார்ந்தால் சுருங்கிவிடும், இரத்தம் பெரும்பாலும் முதுகெலும்பை ஒட்டிய சிரைகள் வழியாக இறங்கும். தலையைத் திருப்பினால் அதன் வடிவம் மாறும். மூச்சை இழுத்தால் மாறும். தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தால் மாறும். சோதிப்பவர் கருவியைச் சற்று அழுத்திப் பிடித்தாலே சிரை தட்டையாகி, குறுகல் போலத் தோன்றும். இப்படிப்பட்ட ஒன்றில் இது இயல்பு, இது நோய் என்று கோடு போடுவது பார்ப்பவரின் கையையும் எதிர்பார்ப்பையும் பொறுத்தது. அவர் எந்த ஆள் நோயாளி என்று அறிந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

இப்போது 'விடுதலை'. இத்தாலியில் 'லிபெராசியோனே' சாதாரணச் சொல் அல்ல. ஏப்ரல் 25 அங்கே லிபெராசியோனே நாள், 1945இல் நாஜிகளிடமிருந்தும் பாசிசத்திடமிருந்தும் விடுபட்டதற்காக நாடே கொண்டாடும் விடுமுறை. ஆங்கிலத்தில் 'லிபரேஷன்' 1960களிலிருந்து பெண்கள், கறுப்பின மக்கள், அடிமைப்பட்ட நாடுகள் எல்லோருடைய கொடியிலும் இருந்த சொல். தமிழில் சொல்லவே வேண்டாம். பெரியாரின் நாளேட்டுக்கு அதுவே பெயர். விடு என்ற அதே வேரிலிருந்து வந்த வீடு, அறம் பொருள் இன்பத்துக்குப் பின் நாலாவதாக நிற்கும் பேறு. பற்றாக்குறைக்குச் சிரையும், விடுதலைக்குச் சிறையும் தமிழில் ஓரெழுத்து வேறுபாட்டில் நிற்கின்றன. வேர்கள் வேறு, ஒலி மட்டும் நெருக்கம். ஆனாலும் இதைத் தமிழில் முதலில் எழுதுகிறவர் கை அந்த ஒலிப்பொருத்தத்தில் மயங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

விடுதலை என்ற சொல் வந்ததும் கூடவே இரண்டு பாத்திரங்கள் வந்துவிடுகின்றன: விடுவிப்பவர், தடுப்பவர். நோயாளி கைதி ஆகிறார். ஆதாரம் எங்கே என்று கேட்கும் நரம்பியல் மருத்துவர் காவல்காரர் ஆகிறார். கனடாவில் அடுத்த சில மாதங்களில் அதுதான் நடந்தது. 2010 மே 5 அன்று பல நகரங்களில் நோயாளிகள் திரண்டார்கள். சக்கர நாற்காலிகளில் வந்து, எங்கள் வரிப்பணத்தில் இந்தச் சிகிச்சையை எங்களுக்குக் கொடுங்கள் என்றார்கள். கனடா உலகிலேயே எம்.எஸ். மிகுதியாக உள்ள நாடுகளில் ஒன்று. வீட்டுக்கு வீடு இந்த நோயைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். சஸ்காச்சுவான் மாகாண முதல்வர் பிராட் வால் 2010 ஜூலையில் சோதனைக்கு நிதி தருவோம் என்றார். ஆகஸ்டில் நாட்டின் சுகாதார ஆய்வு நிறுவனம், இப்போதைக்குச் சோதனைக்கே போதிய ஆதாரம் இல்லை என்றது. மறு ஆண்டு மத்திய அரசு மனம் மாறிச் சோதனைக்கு ஒப்புக்கொண்டது. நாடாளுமன்றத்தில் கர்ஸ்டி டங்கன் போன்றவர்கள் நோயாளிகளுக்காகத் தொடர்ந்து பேசினார்கள்.

அந்த நோயாளிகளைப் பேராசைக்காரர்கள் என்றோ அறியாதவர்கள் என்றோ எழுதியவர்களோடு நான் உடன்படவில்லை. அன்று இருந்த மருந்துகள் பலருக்கு நோயைத் தள்ளிப்போட்டன, நிறுத்தவில்லை. முற்றிய நிலையில் இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. ஒரு பேராசிரியர் மருத்துவ இதழில் அச்சிட்டுச் சொல்கிறார், தொலைக்காட்சி காட்டுகிறது, பக்கத்து ஊர்க்காரி போய்வந்து கால் சூடாகிவிட்டது, மனம் தெளிந்துவிட்டது என்கிறாள். அப்படியானால் சோதித்துப் பாருங்கள் என்று அவர்கள் கேட்டது மிகச் சரியான கோரிக்கை. அதை அலட்சியமாகத் தட்டிக்கழித்த மருத்துவர்கள்தான் அவர்களை விமானம் ஏற்றினார்கள்.

போலந்து, பல்கேரியா, கோஸ்டாரிகா, மெக்சிகோ என்று போனார்கள். இந்தியாவின் தனியார் மருத்துவமனைகளுக்கும் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்தார்கள். வீட்டை அடகு வைத்தவர்களும் உண்டு. ஆய்வுக்கு வெளியே இதைச் செய்துகொள்ளாதீர்கள் என்று சம்போனியே சொல்லியும் கேட்கவில்லை. சிரையில் சில இடங்களில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஸ்டென்டின் பெயரும் ஒரு மனிதரின் பெயர்தான். 19ஆம் நூற்றாண்டு லண்டன் பல் மருத்துவர் சார்லஸ் ஸ்டென்ட், பல் அச்சு எடுக்க ஒரு பசை செய்தார். முதல் உலகப் போரில் தோல் ஒட்டும்போது அந்தப் பசையைத் தாங்குமுட்டாகப் பயன்படுத்தினார்கள். அங்கிருந்து அந்தப் பெயர் தாங்கிப் பிடிக்கும் எதற்கும் ஆகி, இரத்தக்குழாய்க்குள் வைக்கும் வலைக்குழாய்க்கு வந்து நின்றது. தமனியில் ஸ்டென்ட் போகும் பாதை குறுகிக்கொண்டே போகும். நழுவினாலும் சிக்கி நின்றுவிடும். சிரை இதயத்தை நோக்கி அகன்றுகொண்டே போகும். அமெரிக்காவில் ஒரு நோயாளிக்குக் கழுத்தில் வைத்த ஸ்டென்ட் நழுவி இதயத்துக்குள் விழுந்தது. இன்னொருவர் மூளை இரத்தக்கசிவில் இறந்தார். 2012 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தச் சிகிச்சையால் உயிரிழப்பும் பக்கவாதமும் நேர்ந்திருப்பதாக எச்சரித்தது.

இதற்கிடையில் பெயரைச் சோதிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் பஃபலோவில் 499 பேரைப் பார்த்தார்கள். எம்.எஸ். உள்ளவர்களில் 56 விழுக்காட்டினருக்கு சி.சி.எஸ்.வி.ஐ. அடையாளங்கள், நலமாக இருப்பவர்களில் 23 விழுக்காடு, வேறு நரம்பு நோய் உள்ளவர்களில் 42. நூற்றுக்கு நூறு அங்கேயே கரைந்தது. 2013இல் வான்கூவரின் ஆந்தனி டிரபுல்சி குழு அல்ட்ராசவுண்டை மட்டும் நம்பாமல், குழாய் செலுத்திச் சாயம் பாய்ச்சி எக்ஸ்ரேயில் பார்த்தது. பாதிக்கு மேல் குறுகல் எம்.எஸ். உள்ளவர்களில் 74 விழுக்காட்டினருக்கு. அவர்களின் நோயில்லாத உடன்பிறப்புகளில் 66. உறவே இல்லாத நலமானவர்களில் 70. நாம் எல்லோருமே பெரும்பாலும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறோம். பற்றாக்குறை என்று பெயரிட்டது மனிதக் கழுத்தின் இயல்பான அமைப்புக்கு.

அடுத்தது சிகிச்சை. கனடாவின் நான்கு நகரங்களில் 104 பேர். எல்லோருக்கும் தொடையிடுக்கில் மரத்துப்போகும் ஊசி, எல்லோருக்கும் சிரை வழியே கழுத்து வரை குழாய். பாதிப் பேருக்கு அங்கே பலூனை ஊதி விரித்தார்கள். மற்றவர்களுக்கு ஊதாமல் எடுத்துவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பின்னால் அவரைப் பரிசோதித்த மருத்துவருக்கும் தெரியாது. 48 வாரம் கழித்து இரு சாராரும் தங்கள் வாழ்வு சற்று மேம்பட்டதாகச் சொன்னார்கள், ஒரே அளவில். மூளைப் படத்திலும் வேறுபாடு இல்லை. இந்த ஆய்வுக்கட்டுரையில் விடுதலை என்ற சொல்லே சிகிச்சையின் பெயராக இல்லை. 'வீனோபிளாஸ்டி' என்றார்கள்: 'வேனா' இலத்தீனில் சிரை, 'பிளாஸ்டி' கிரேக்கத்தில் உருக்கொடுத்தல். சிரைக்கு உருக்கொடுத்தல், அவ்வளவே. வேலையின் பெயர் வேலையிடம் திரும்பியது.

இத்தாலியில் சம்போனியே தலைமையேற்று 115 பேரோடு ஒரு சோதனை நடத்தினார். அதற்கு 'பிரேவ் ட்ரீம்ஸ்', துணிந்த கனவுகள், என்று பெயர். மூளைச் சிரை வடிகால் பற்றிய நீண்ட ஆங்கிலத் தொடரின் எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்தது. பெயர் வைப்பதில் அந்த மனிதருக்கு இருந்த ஆசை கடைசி வரை போகவில்லை. ஆனால் முடிவை அவர் மறைக்கவில்லை. 2017 நவம்பரில் வெளிவந்த கட்டுரை, சிகிச்சை பாதுகாப்பானது, ஆனால் பெரும்பாலும் பயனற்றது, எம்.எஸ். நோயாளிகளுக்குப் பரிந்துரைக்க முடியாது என்று எழுதியது. தான் பெயரிட்டதைத் தானே சோதித்து, இல்லை என்று கையெழுத்திட எல்லோருக்கும் நெஞ்சம் வராது. அந்தக் கையெழுத்துக்காக நான் அவரை மதிக்கிறேன். அந்த முடிவு வருவதற்குள் வெளிநாடு போய்வந்தவர்களுக்கு அது எந்த வகையிலும் ஈடாகாது என்பதும் உண்மை.

2022இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள், அமெரிக்கப் படையினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைப் பார்த்து, எப்ஸ்டீன்-பார் நுண்ணுயிரி தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று காட்டினார்கள். காரணத்தைத் தேடியதில் இதைவிட உறுதியான படி இதுவரை இல்லை. இருந்தும் நோயின் பெயரை மாற்ற வேண்டும் என்று யாரும் கிளம்பவில்லை.

சிரை மட்டும் போகவில்லை. ரிண்ட்ஃப்ளைஷ் 1863இல் கண்ட அந்த நடுக்குழாய் இப்போது எம்.ஆர்.ஐ. படத்தில் உயிருள்ள மூளையிலேயே தெரிகிறது: வெள்ளைத் திட்டு, அதன் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு. காப்பணுக்கள் இரத்தத்திலிருந்து மூளைக்குள் இறங்குவது சிறு சிரைகளின் சுவர் வழியாக என்பதால்தான் திட்டு அதைச் சுற்றி உருவாகிறது. இரத்தம் தேங்குவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. வயதாலோ இரத்தக்கொதிப்பாலோ தலைவலியாலோ வரும் திட்டுகளில் இந்தக் கோடு அரிது. ஆறு திட்டுகளில் இந்தக் கோடு தெரிந்தால் எம்.எஸ். என்று நம்புவதற்கு வலுவான சான்றாகக் கொள்கிறார்கள். நோயறியும் உலகளாவிய அளவுகோலின் 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது இடம்பெற்றுவிட்டது. அதன் பெயர் 'சென்ட்ரல் வெய்ன் சைன்'. நடுச்சிரைக் குறி என்று தமிழில் எழுதலாம். எம்.எஸ். இல்லாமலே அந்த நோய்ப்பெயர் ஒட்டப்பட்டு, ஆண்டுக்கணக்கில் தேவையற்ற ஊசி போட்டுக்கொண்டவர்களை இனி அந்தக் கோட்டை வைத்துப் பிரித்தெடுக்க முடியும்.